கந்தப்பளை ஏற்றமும் நீல விளக்கும்

என் வேன் முதன்முதலாகக் கொதித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கந்தப்பளைக்கு இன்னும் இரண்டு வளைவுதான் இருந்தது. வேனில் ஏழு பெண்பிள்ளைகள். எல்லாரும் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நுவரெலியாவுக்குப் போய் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறவர்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரிவு கிடையாது. அதனால் இரண்டு வருஷமாக விடியற்காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதும், பின்னேரம் கூட்டிக்கொண்டு வருவதும்தான் என் தொழில்.

முதலில் வெல்லப்பாகு தீய்ந்தது போல ஒரு வாசனை வந்தது. பிள்ளைகளில் யாரோ ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. ஓரங்கட்டி நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிவிட்டேன். நான் ஓட்டுவது ஜப்பான் சின்ன வேன். இன்ஜின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். ரேடியேட்டர் முன்னால் இருக்கும். சூடு ஏறினால் காட்டுவதற்கு முள் எதுவும் கிடையாது, இரண்டு விளக்குகள்தான். இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீலம், அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு. அன்றைக்குச் சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

பக்கத்தில் மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்து வந்து, சூடு தணியும் வரை காத்திருந்து ஊற்றினேன். பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் இரண்டு பாடம் முடிந்திருந்தது. பிள்ளைகளுக்கு அன்று ஒரு மாதிரிப் பரீட்சை. இரசாயனவியல் வினாத்தாளில் பாதியைத்தான் அவர்களால் எழுத முடிந்தது.

அந்தி சாய்வதற்குள் செய்தி தோட்டத்து வரிசை வீடுகளான எல்லா லயத்துக்கும் போய்விட்டது. ஒரு பிள்ளையின் தகப்பன், பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருப்பவர், என் வாசலுக்கே வந்தார். குரலை உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை அவர். அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது. இஸ்தோப்புத் திண்ணையில் நின்றபடியே, வண்டி என்றால் ஆம்பளை கையில் இருந்தால்தான் அதன் நல்லது கெட்டது தெரியும், பரீட்சை நேரத்தில் இப்படி நடந்தால் பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டார். இது இனி நடக்காது என்று சொன்னேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுவதற்கு முன்னால் பதினொரு வருஷம் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தேன். தூள் காய்கிற டிரையருக்குப் பக்கத்தில் நின்று சூட்டைப் பார்த்து எழுதுவது என் வேலை. கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருக்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வேன் வாங்கலாம் என்று சொன்னது நான். ஓட்டக் கற்றுக்கொண்டதும் நான். லயத்தில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கணவரின் தங்கை இருக்கிறாள். கொழுந்து எடுக்கிறவள். என்னை முழுமனதாக நம்பிய ஆள் அந்த நாட்களில் அவள் ஒருத்திதான். அவளும்கூடச் சிரித்துக்கொண்டுதான் நம்பினாள்.

மறுநாள் இராகலையில் உள்ள கராஜுக்குப் போனேன். அங்கே இருக்கிற பாஸ், எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம், ஒரு சிங்களவர். முப்பது வருஷமாக இந்த மலையில் ஓடுகிற வண்டிகளைத் தொட்டவர், நல்ல கை உள்ளவர். ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றி நேராகப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தார். சுற்றியது. அப்படியானால் ஃபேனைச் சுற்றச் சொல்கிற சென்சர்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்து புதியது ஒன்று போட்டார். தண்ணீரின் சூட்டை அளந்து இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற விரல் அளவுச் சாமான் அது. "இனி பயமில்ல நங்கி" என்றார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி.

ஒரு கிழமை ஓடியது. அடுத்த வியாழக்கிழமை, பரீட்சை லீவுக்கு முந்திய கடைசிப் பாடசாலை நாள், அதே ஏற்றத்தில் மறுபடியும் கொதித்தது. இந்த முறை பிள்ளைகள் தாங்களாகவே இறங்கிப் பைகளை மாட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள். கடைசியாக ஏறிய பிள்ளை திரும்பிப் பார்த்து, "நீங்க கவலப்படாதீங்கக்கா" என்றாள். கங்காணியின் மகள்தான் அவள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் கலங்கியது.

பாஸ் இந்த முறை தலையை ஆட்டினார். ஃபேனும் நல்லது, சென்சரும் புதியது, ஆகையால் இன்ஜினுக்குள்ளே தண்ணீரையும் ஒயிலையும் பிரித்து வைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, இன்ஜினை இறக்க வேண்டும், இரண்டு கிழமை ஆகும் என்றார். பரீட்சை தொடங்கப் பதினொரு நாள்தான் இருந்தது. அன்று மாலை கங்காணிக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். அவர், வேறு வேன் பார்த்து வைக்கிறேன், பரீட்சைக்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை அந்திக்குள் உங்கள் வண்டி சரியாகவில்லை என்றால் பிள்ளைகள் அதில்தான் போகும் என்றார். நியாயமான பேச்சு. கணவரோ போனில், வேனை விற்றுவிட்டு மறுபடியும் ஸ்டோருக்கே போகலாமே என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன்.

பாஸ் சொன்னதை நம்பாமல் வேனை ஏன் வீட்டுக்கே கொண்டுவந்தாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். பெரிய அறிவு ஒன்றும் இல்லை. ஹெட் கேஸ்கட் போனால் ஒயிலில் தண்ணீர் கலந்து பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும் என்று அவரே ஒருதரம் வேறு ஒருவருக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒயில் தெளிவாக இருந்தது. புகையிலும் வெள்ளை இல்லை. ஆனால் புகையில் பச்சைப் பெட்ரோல் வாசனை அடித்தது. கொஞ்ச நாளாகவே பெட்ரோலும் கூடுதலாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆள் இல்லாத வேனை எடுத்துக்கொண்டு தனியாக அந்த ஏற்றத்துக்குப் போனேன். இரண்டாவது கியரில் மெதுவாக ஏறினேன். வேனின் எல்லாச் சத்தத்தையும் கேட்டபடி, எல்லா விளக்கையும் பார்த்தபடி போனேன். வழக்கமான வளைவுக்கு முன்பே அந்தத் தீய்ந்த வாசனை வந்துவிட்டது. உடனே ஓரங்கட்டினேன். ஆவி வரவில்லை, ஆனால் இருக்கைக்கு அடியில் கை வைக்க முடியாத சூடு. ஃபேன் சுற்றும் சத்தம் இல்லை. அப்போதுதான் பார்த்தேன், நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இன்ஜின் குளிராக இருக்கிறது என்று சொல்லும் விளக்கு. எங்கள் ஊர்க் காலைக் குளிரில் அது அணைய நேரம் எடுக்கும். அதனாலேயே அதை நான் கவனிப்பதை விட்டுவிட்டிருந்தேன். இப்போது மத்தியானம், இன்ஜின் கொதிக்கப் பார்க்கிறது, அது மட்டும் குளிர் என்கிறது.

ஸ்டோரில் ஒருதரம் இதே மாதிரி நடந்திருக்கிறது. டிரையரின் வெப்பமானி சரியான எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. தூள் மட்டும் கருகி வந்தது. எல்லாரும் அடுப்பையும் காற்றையும் விறகையும் குறை சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் வெப்பமானியின் குழாய் தளர்ந்து வெளியே வந்து, டிரையருக்குள் இருக்கும் சூட்டைத் தொடாமலே நின்றிருந்தது. அது காட்டியதை நம்பித்தான் நாங்கள் இன்னும் இன்னும் சூட்டைக் கூட்டியிருக்கிறோம்.

என் வேனிலும் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜின் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி போகிறது. அதனால்தான் அது ஃபேனைப் போடவில்லை. குளிருக்கென்று பெட்ரோலையும் கூடுதலாக ஊற்றுகிறது. சிவப்பு விளக்கு எரியாததற்கும் அதுவே காரணம்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். தமிழ்நாட்டு மெக்கானிக் ஒருவர் ஒரு வீடியோவில் பொறுமையாக விளக்கியிருந்தார். இன்ஜின் ஓடும்போது சென்சரின் வயரைக் கழற்றிவிட்டால், சூடு தெரியாத பயத்தில் கம்ப்யூட்டர் தானாகவே ஃபேனைப் போட்டுவிடும். அப்படிப் போட்டால் ஃபேன், அதற்கு மின்சாரம் விடும் ரிலே, கம்ப்யூட்டர் எல்லாம் நல்லது என்று அர்த்தம். அதை மூன்று தடவை பார்த்தேன். சனிக்கிழமை காலை நாத்தனாரைக் கூப்பிட்டு வேனின் முன்னால் நிறுத்தினேன். ஃபேன் சுற்றினால் கையைத் தூக்கு என்றேன். இருக்கையைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, வயரின் பிளக்கை இழுத்தேன்.

ஃபேன் சீறிக்கொண்டு கிளம்பியது. அவள் ஒரு கை இல்லை, இரண்டு கையையும் தூக்கினாள். நான் பிளக்கை மாட்டினேன், நின்றது. கழற்றினேன், சுற்றியது. அந்த விளையாட்டை இருவரும் ஐந்தாறு தடவை செய்தோம்.

"அப்பிடியே கழட்டி விட்டுட்டே ஓட்டலாமே அண்ணி?" என்றாள்.

நல்ல யோசனைதான். ஆனால் சூடு தெரியாத இன்ஜின் எங்கள் ஊர் விடியற்காலைக் குளிரில் கிளம்பவே திணறும். பரீட்சை நாளில் அந்த ஆபத்தை எடுக்க மனம் வரவில்லை. நோய் எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதமும் வந்துவிட்டிருந்தது.

அடுத்த கிழமை முழுக்கச் சோதிப்பதற்குச் சாமான் தேடினேன். தோட்டத்து எலக்ட்ரீசியனிடம் மின்தடை அளக்கும் மீட்டர் ஒன்று இரவல் வாங்கினேன். ஸ்டோரில் பழைய சிநேகிதி ஒருத்தி நீளமான கண்ணாடி வெப்பமானி தந்தாள். அடுத்த சனிக்கிழமை என் குசினியில் அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, பாஸ் கழற்றிக் கொடுத்த பழைய சென்சரையும், வேனிலிருந்து கழற்றிய புதியதையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். சூடு ஏற ஏற மீட்டரில் எண் இறங்க வேண்டும். நாத்தனார் வெப்பமானியைப் படித்தாள், நான் மீட்டரைப் படித்துக் கடையில் சாமான் வாங்கிய துண்டுக் காகிதத்தில் எழுதினேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தொடங்கிய எண் ஒழுங்காக இறங்கியது. ஆயிரம், அறுநூறு, முந்நூறு. தண்ணீர் கொதித்தபோது வெப்பமானி தொண்ணூற்று நாலில் நின்றுவிட்டது. இந்த உயரத்தில் தண்ணீர் நூறு வரை போகாது. புதிய சென்சர் நல்லது. அதைவிட ஆச்சரியம், பாஸ் கெட்டது என்று கழற்றிய பழையதும் நல்லது. இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டின.

குற்றவாளியைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துத்தான் அடுப்பைப் பற்ற வைத்தேன். நாத்தனார் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டியை இறக்கினாள்.

"சொல்றவனும் நல்லவன், கேக்குறவனும் நல்லவன். அப்ப நடுவுல போறவன் யாரு அண்ணி?"

அவள் அதைச் சும்மா சொன்னாள். நான் எழுந்து வேனுக்கு ஓடினேன்.

சென்சருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருப்பது வயரும் அந்தப் பிளக்கும்தான். ஒரு கிழமையாக அதை எத்தனை தடவை பிடித்து இழுத்திருப்பேன், அதன் வாய்க்குள் ஒருதரமும் பார்க்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு சின்னப் பித்தளைக் கவ்விகள். ஒன்று மஞ்சளாக இருந்தது. மற்றது, பழைய செம்புக் குடத்தில் பூக்கிற மாதிரி, பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. பிளக்குக்குள் தண்ணீர் போகாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்க வேண்டும். அது இல்லை. பாஸ் சென்சர் மாற்றியபோது ஒரு கிழமை ஓடியதன் காரணமும் அப்போது விளங்கியது. கழற்றி மாட்டியதில் பச்சை கொஞ்சம் சுரண்டப்பட்டு, செய்தி சரியாகப் போயிருக்கிறது. பிறகு மறுபடியும் பூத்துவிட்டது.

தண்ணீர் எப்படிப் போனது என்று யோசித்தேன். விடை தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் ஏறும் வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருக்கையைத் தூக்கிவிட்டு, குழாயை வைத்துப் பீய்ச்சி அடித்துக் கழுவியவள் நானேதான். வேறு யாரையும் குறை சொல்ல வழி இல்லை.

ஊசியால் மெதுவாகச் சுரண்டினேன். பச்சை உதிர்ந்தது. கூடவே கவ்வியும் ஒடிந்து கையோடு வந்தது. அரித்து அரித்து அவ்வளவு மெலிந்து போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இராகலைக்குப் போனேன். கராஜ் பூட்டியிருந்தது, ஆனால் பாஸின் வீடு பின்னால்தான். ஒடிந்த கவ்வியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். சென்சர் எண்கள் எழுதிய துண்டுக் காகிதமும் கையில் இருந்தது. இரண்டையும் அவர் முன்னால் வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நீல விளக்கைச் சொன்னேன், ஃபேன் சீறியதைச் சொன்னேன், சட்டியைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி, அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவ்வியை விரல் நுனியில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நான் சென்சர மாத்தினேன் நங்கி, பிளக்க பாக்கல" என்றார். "அது என் பிழ."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கராஜின் பின்புறம் என் வேன் மாதிரியே ஒன்று, மோதி நொறுங்கி, சாமான் எடுக்கவென்று நின்றிருந்தது. அதன் இருக்கையைத் தூக்கி, ரப்பர் வளையத்தோடு இருந்த பிளக்கைச் சாண் நீளம் வயர் விட்டு வெட்டினார். பிறகு தன் மோட்டார் சைக்கிளிலேயே என்னை ஏற்றிக்கொண்டு லயத்துக்கு வந்தார். வயர்களை ஈயம் வைத்து ஒட்டி, அதன்மேல் குழாய்த் துண்டைச் சூடுகாட்டி இறுக்கினார். நான் டோர்ச் பிடித்தேன். வேலை முடிந்ததும், மறுபடியும் இங்கே தண்ணீர் அடித்தால் உங்களிடம் பேசவே மாட்டேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வெறும் வேன் ஏறிக் காட்டினால் போதாது. ஏழு பேரின் பாரத்தோடு ஏற வேண்டும். நாத்தனாரிடம் சொன்னதுதான், அரை மணி நேரத்தில் லயத்துப் பெண்கள் எட்டுப் பேர் தலை சீவி, நல்ல சேலை கட்டி, வேனைச் சுற்றி வந்து நின்றார்கள். கந்தப்பளை வரை ஞாயிற்றுக்கிழமைச் சவாரி என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். கொதித்தால் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்று நான் எச்சரித்தேன். மலையில் ஏறுவதா புதுசு என்று ஒருத்தி கேட்டாள். பாஸும் வருவதாகச் சொல்லி முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். எட்டுப் பெண்களும் பின்னால் நெருக்கி அடித்துக்கொண்டு ஏறினார்கள்.

நான் நீல விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோட்டத்து எல்லையைத் தாண்டி, பாலத்தையும் தாண்டினோம். இராகலைக் கடைத்தெருவுக்குள் நுழையும்போது அது அணைந்தது. பாஸ் விரலால் காட்டினார், நான் தலையாட்டினேன். ஏற்றம் தொடங்கியது. பின்னால் பெண்கள் அடுத்த மாதக் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த வளைவு வந்தது, போனது. அதற்கு மேலே இருக்கிற வளைவும் போனது. வாசனையும் இல்லை, ஆவியும் இல்லை.

கந்தப்பளையில் மேட்டில் நிறுத்தி இன்ஜினை அணைக்காமல் விட்டேன். எல்லாரையும் பேச்சை நிறுத்தச் சொன்னேன். எட்டுப் பெண்களும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டது போல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிஷம் போயிருக்கும், எனக்கு அது ஒரு முழுப் பொழுதாகத் தெரிந்தது. பிறகு முன்பக்கத்தில் ஒரு க்ளிக். ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரம் சுற்றித் தண்ணீரைக் குளிர வைத்து, தானாக நின்றது. மறுபடியும் சூடானபோது மறுபடியும் சுற்றியது. யாரும் தொடவில்லை.

பின்னால் ஒருத்தி கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரோட்டில் போனவர்கள் கல்யாண வேன் என்று நினைத்திருப்பார்கள். பாஸ் ஸ்டியரிங்கில் இருந்த என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினொரு வருஷம் டிரையர் பக்கத்தில் நின்று சூட்டை எழுதியவள் என்று அவரிடம் அப்போதுதான் சொன்னேன். அதுதானே பார்த்தேன் என்றார். அங்கே ஒரு கடையில் எல்லாரும் வடை தின்று தேத்தண்ணி குடித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை.

திரும்பும்போதே கங்காணிக்குப் போன் எடுத்தேன். நேரில் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கணவருக்குச் சொன்னேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, வேனை விற்கும் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில் கங்காணி மகளோடு ரோட்டுக்கு வந்து நின்றார். தானும் வருகிறேன் என்று சொல்லி முன்னால் ஏறினார். வழி முழுக்கக் கதவுப் பிடியை இறுகப் பிடித்திருந்தார். பின்னால் பிள்ளைகள் மெல்லிய குரலில் சூத்திரங்களை ஒப்பித்துக்கொண்டு வந்தார்கள். கந்தப்பளை மேடு ஏறி நுவரெலியா இறக்கத்தில் விழுந்ததும் அவர் கை தளர்ந்தது. பரீட்சை மண்டபத்துக் கேட் திறப்பதற்கு முன்பே நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போன பிறகும் கங்காணி வேன் பக்கத்திலேயே நின்றார்.

"நீங்கதான் பிழையக் கண்டுபிடிச்சீங்கன்னு பாஸு எனக்குப் போன் எடுத்துச் சொன்னாரும்மா" என்றார். "நான் வாசல்ல வந்து சொன்னத மனசுல வச்சிக்காதீங்க."

வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். முழு உண்மை இல்லை அது, ஆனால் அந்தக் காலையில் அவரைப் பார்த்து வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. பரீட்சை முடியும் வரை ஒவ்வொரு நாளும் அந்த ஏற்றத்தில் ஏறினோம். ஒரு நாளும் பிந்தவில்லை. கடைசி வினாத்தாள் முடிந்த அன்று ஏழு பேரும் மண்டபத்திலிருந்து ஓடி வந்து வேனில் ஏறி, ரேடியோவைச் சத்தமாகப் போடச் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் முதன்முறையாகப் போட்டேன்.